இருப்புப் பலகையில எழுதுனது

ஆமா, நான்தான். எதுக்கு ஓரக்கண்ணால பாத்துப் பாத்துத் திரும்பிக்கிற? நேராவே கேளு தாயி. ரேஷன் கடை போர்டு பக்கத்துல ஒரு பொம்பள மூஞ்சிய உர்ருனு வச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ உன் போனுக்கும் வந்திருக்கும். அந்தப் பொம்பள நான்தான். பேரு சீனியம்மா. போர்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு வாசிச்சியா? வாசிக்கலையா? போட்டோவப் பாத்துச் சிரிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிட்ட. சரி, விடு. நானும் அப்படித்தான் இருந்தேன்.

பைய இப்படிக் குடு, என் மடியில வச்சுக்கிறேன். இந்த பஸ்ல சாத்தூர் வரைக்கும் போறியா? நர்சுக்குப் படிக்கிறியா? நல்லாப் படி. நான் அதுக்கு முன்னாலயே எறங்கிருவேன். ஆனா முழுசாச் சொல்லிட்டுத்தான் எறங்குவேன். பாதி கேட்டவங்கதான் ஊரெல்லாம் என் கதையச் சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க, "ரேஷன் கடைக்காரியே ஏமாந்துட்டாளாம்"னு. ஏமாந்துட்டாளாம் என்ன, ஏமாந்தேன். நான் என்ன களவாண்டேனா? களவாண்டவன் எங்கயோ கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கான். பறிகுடுத்தவ முக்காடு போடணுமா? நான் போட மாட்டேன். அன்னைக்கும் போடல, இன்னைக்கும் போடல.

நான் இருபத்தொரு வருசமா ரேஷன் கடையில சேல்ஸ்மேன். பொம்பளையா இருந்தாலும் அதுக்குப் பேரு சேல்ஸ்மேன்தான். எங்க கடையில அறுநூத்திச் சொச்சம் கார்டு. எந்த வீட்டுல பருப்பு வாங்க மாட்டாங்க, எந்த வீட்டுல அரிசிய வாங்கி அப்படியே மாட்டுக்கு ஊறப்போடுவாங்க, எல்லாம் எனக்குத் தெரியும். என்னை ஏமாத்தி ஒரு கிலோ சீனி வாங்கிற முடியாது. அப்பேர்ப்பட்ட ஆளு நான். அதை முதல்ல மனசுல வச்சுக்கோ.

எங்க வீட்டுக்காரர் தீப்பெட்டி குடோன்ல லோடுமேன். சங்கிலின்னு பேரு. அந்தா, பின்னால ஜன்னலோரம் தலையச் சாச்சுத் தூங்குறாரே, பச்சைச் சட்டை, அவருதான். அவருகிட்ட போனே கெடையாது. ஏடிஎம் கார்ட எந்தப் பக்கம் சொருகணும்னு தெரியாது. சனிக்கிழமை ஆனா வாரக்கூலியக் கொண்டாந்து என் கையில குடுப்பாரு, நான் பேங்குல போடுவேன். பேசவும் தெரியாது. சாப்பிட்டியா, படுத்தியா, அவ்வளவுதான் பேச்சு. எங்களுக்கு ஓட்டு வீடு. ஐப்பசி மழைக்கு முன்னால ஓட்டப் பிரிச்சுட்டுக் கான்கிரீட் தார்சு போட்டுறணும்னு ஆறு வருசமாச் சேத்த பணம் என் கணக்குல இருந்துச்சு, ஒண்ணரை லட்சம். ஜல்லி வந்து வாசல்ல கொட்டியாச்சு. கொத்தனாருக்குச் சொல்லியாச்சு.

போன செப்டம்பர், மொத வாரம். கடையில அறுபது பேரு வரிசையில நிக்கிறாங்க. கைரேகை வைக்கிற மெஷின் மக்கர் பண்ணுது. எங்க ஊருல தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போற சனங்களுக்கு ரேகையே கெடையாது தாயி, தேஞ்சு போயிருக்கும். ரேகை விழலைன்னா கார்டுக்காரங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், ஓடிபி. அதை அவங்க சொன்னா நான் மெஷின்ல அடிப்பேன், பில்லு வரும். நாள் முழுக்க என் வாயில ஒரே பேச்சுதான். "நம்பர் வந்துச்சா, சொல்லு. வந்துச்சா, சொல்லு. சீக்கிரம் சொல்லுய்யா, பின்னால ஆளு நிக்குதுல்ல?"

அந்த நேரத்துல என் போன்ல டிங்குனு ஒரு மெசேஜ். "அன்பான வாடிக்கையாளரே, பான் எண் இணைக்கப்படாததால் உங்கள் வங்கிக் கணக்கு இன்று மாலை ஐந்து மணிக்கு முடக்கப்படும். உடனே கீழே உள்ள லிங்க்கைத் தொடவும்." மேல பேங்கு பேரு இங்கிலீஷ்ல பெருசா. கீழ நீலமா ஒரு லிங்க். மறுநாள் எனக்குச் சம்பளம் விழுற நாளு. கணக்க முடக்கிட்டா சம்பளம் எங்க போய் விழும்? கொத்தனாருக்கு அட்வான்ஸ் எப்படிக் குடுக்குறது? பயந்துட்டியான்னு கேப்ப. நான் பயப்படல. நான் எதுக்குப் பயப்படுறேன்? வேலைய முடிச்சுருவோம்னு பாத்தேன், அவ்வளவுதான்.

அது எந்த நம்பர்லேருந்து வந்துச்சுன்னு பாத்தேனா? பாக்கல. சாதாரண பத்து இலக்க நம்பர், நம்ம மச்சான் கொழுந்தன் நம்பர் மாதிரி. பேங்கு மெசேஜுக்கு அப்படி நம்பரே இருக்காது, பேங்கு பேரக் குறிக்கிற எழுத்துதான் இருக்கும். எழுத்து இருந்தாலும் நம்பிறாதீங்க, அதுலயும் டூப்பு வருதுன்னு பின்னால ஜெபராணி மேடம் சொன்னாங்க. சைபர் கிரைம் எஸ்ஐ அவங்க. "எந்த பேங்கும் இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ளனு மெசேஜ்ல மெரட்டாதும்மா. அவசரம்னு எழுதியிருந்தா அந்த அவசரம் அவனுக்குத்தான்"னாங்க. நல்ல பேச்சு. ஆனா அது பின்னால வந்த பேச்சு. அன்னைக்கு யாரு சொன்னா?

தொட்டேன். அச்சு அசல் பேங்கு மாதிரியே ஒரு பக்கம் வந்துச்சு. அதே சின்னம், அதே கலர். கணக்கு நம்பர் கேட்டுச்சு, போட்டேன். கார்டு நம்பர் கேட்டுச்சு, போட்டேன். கார்டுக்குப் பின்னால இருக்கிற மூணு நம்பர் கேட்டுச்சு. அதையும் கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாத்துப் போட்டேன். ஒரு கையில சீனி அளக்குறேன், ஒரு கையில இது.

ரெண்டு நிமிசம் இருக்காது, போன் வருது. "வணக்கம் மேடம். வங்கித் தலைமை அலுவலகத்துலேருந்து பேசுறேன். உங்க விண்ணப்பம் பாதியில நிக்குது மேடம்." என்ன தமிழுங்கிற! நியூஸ் வாசிக்கிற மாதிரி. எங்க கடையில என்னை எவனும் மேடம்னு கூப்பிட்டது கெடையாது. "ஏ, ரேஷன் கடை" அவ்வளவுதான். அவன் மேடம்னான். அதுக்காக நான் மயங்கிறல. சும்மா உனக்குச் சொல்றேன், மேடம்னான்.

நான் கேட்டேன். கேக்காம இல்ல. "ஏன்ப்பா, நீ பேங்குதான்னு நான் எப்படி நம்புறது?"

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "ரொம்ப நல்ல கேள்வி மேடம். எல்லாரும் உங்கள மாதிரி விவரமா இருந்தா மோசடியே நடக்காது. உங்க பாஸ்வேர்ட யாருக்கும் சொல்லாதீங்க. நான் கேட்டாலும் சொல்லாதீங்க. இப்ப ஒரு ஓடிபி வரும், சரிபாக்குறதுக்கு, அதை மட்டும் சொல்லுங்க."

களவாணி எங்கயாச்சும் கதவப் பூட்டிக்கோன்னு சொல்லுவானா? இவன் சொன்னான். அதான் நம்புனேன்.

இந்தப் பக்கம் தவசி அண்ணன் நிக்கிறாரு, மெஷின்ல ரேகை விழல. "அண்ணே, நம்பர் வந்துச்சா?"ன்னு நான் அவருகிட்ட கேக்குறேன். "மேடம், நம்பர் வந்துச்சா?"ன்னு அவன் என்கிட்ட கேக்குறான். அவரு எனக்குச் சொல்றாரு, நான் அவனுக்குச் சொல்றேன். "எர்ரர் காட்டுது மேடம், இன்னொண்ணு வரும்"னான். சொன்னேன். "கடைசியா ஒண்ணு மேடம்." சொன்னேன். மூணு தடவ சொன்னேன் தாயி. மூணு தடவையும் நம்பர மட்டும்தான் பாத்தேன். அந்த மெசேஜ்லயே எழுதியிருக்கு, இத்தனாயிரம் ரூபாய் எடுக்குறதுக்கான ஓடிபி, யாருக்கும் சொல்லாதீங்கன்னு. மொத்தம் ரெண்டே வரி. வாசிக்கலையே. ஆறு இலக்கத்தத் தேடுற கண்ணு, எழுத்தப் பாக்கல.

கூட்டம் குறைஞ்ச பெறகு பாக்குறேன், கணக்குல ரெண்டாயிரத்துச் சொச்சம் நிக்குது.

உடனே அவன் பேசுன நம்பருக்கே போட்டேன். எடுத்தான்! அந்தத் தைரியத்தப் பாரு. "பதட்டப்படாதீங்க மேடம், அது சிஸ்டம் பிடிச்சு வச்சிருக்கு. இருபத்திநாலு மணி நேரத்துல தானா திரும்பி வந்துரும். அதுக்குள்ள யாருகிட்டயாவது புகார் குடுத்தா நிரந்தரமா நின்னு போயிரும். சாப்பிட்டீங்களா மேடம்?"

சாப்பிட்டீங்களான்னு கேக்குறான்.

நான் நம்பல. முழுசா நம்பல. ஆனா ஒரு நாளு பாப்போமேன்னு இருந்தேன். இங்கதான் நீ நல்லாக் கேட்டுக்கணும். அந்த ஒரு நாளுதான் என்னைக் கொன்னுச்சு. பணம் போனது தெரிஞ்ச அந்த நிமிசமே 1930க்குப் போன் போடணும். ஒண்ணு, ஒம்போது, மூணு, சைபர். எழுதி வச்சுக்கோ. போன பணம் மொதல்ல எவன் கணக்குக்காவது போய் நிக்கும், அங்கேருந்து இன்னொருத்தன், அங்கேருந்து இன்னொருத்தன்னு ஓடும். அது ஓடுறதுக்குள்ள பிடிச்சாத்தான் பிடி. நான் ஒரு ராத்திரி பூராவும் ஓட விட்டேன்.

வீட்டுல சொன்னியான்னு கேக்குறியா? சொல்லல. எதுக்குச் சொல்லணும்? பணம் திரும்பி வந்துரும்ல? வராட்டி சொல்லிக்கலாம். அவருகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, அவருக்கு லிங்க்குன்னா என்னன்னு தெரியுமா? அன்னைக்குச் சாயந்தரம் அவரு ஜல்லிக் குமிய மண்வெட்டியால ஒதுக்கிக்கிட்டிருந்தாரு, நடக்கப் பாதை வேணும்னு. நான் பாத்துட்டு உள்ள போயிட்டேன்.

மறுநாள் காலையில பேங்கு தொறக்குறதுக்கு முன்னாலயே போய் நின்னேன். மூணாம் நம்பர் கவுண்டர்ல ஒரு பொண்ணு. உன் வயசுதான் இருக்கும், ரெண்டு மூணு கூட. கேட்டுட்டு, சத்தமா, பின்னால நிக்கிற அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி, "ஓடிபிய நீங்களா சொன்னீங்க? மூணு தடவையா? போர்டு வச்சிருக்கோம், மெசேஜ் அனுப்புறோம், நீங்க கவர்மெண்ட் கடையில வேற வேலை பாக்குறீங்க, படிக்கத் தெரியாதா?"ன்னுச்சு.

"படிக்கத் தெரியும். நீ மொதல்ல என் கார்ட பிளாக் பண்ணு, பெறகு வையி"ன்னேன். பேங்குல உள்ள அத்தனை தலையும் திரும்புச்சு. திரும்பட்டும்.

மேனேஜர் வந்து, "நீங்களே சொன்ன ஓடிபிக்குப் பேங்கு பொறுப்பில்லம்மா, போலீசுக்குப் போங்க"ன்னாரு. சட்டம் அப்படித்தானாம். இருக்கட்டும். ஒரு வாய்த் தண்ணி குடுக்கக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?

ஜெபராணி மேடம் தண்ணி குடுத்தாங்க. ஸ்டேஷன்ல உக்கார வச்சு, "1930க்கு இப்பவே போடுங்க"ன்னு அவங்க போனையே நீட்டுனாங்க. அந்த மெசேஜ் எல்லாத்தையும் அழிக்காம இருந்தது நல்ல வேளைன்னாங்க. அதுக்குள்ள முக்கால்வாசி பறந்துருச்சு. முப்பத்தாறாயிரம் மட்டும் எங்கயோ வடக்க ஒரு கணக்குல மாட்டிக்கிச்சு. அதை முடக்கி வச்சாங்க. பாத்தியா, கடைசியில கணக்கு முடங்குனது நெசந்தான், அது அவன் கணக்கு.

அங்கேருந்து நேரா கடைக்கு வந்தா, எங்க கடைய நடத்துற கூட்டுறவுச் சங்கச் செக்ரட்டரி தர்மர் வந்து உக்காந்திருக்காரு. விசயம் எப்படித்தான் பறக்குதோ. "சீனியம்மா, நடந்தது நடந்துபோச்சு. வெளிய சொல்லாத. சங்கத்துக்குக் கேவலம். நாளைக்கு எந்தக் கார்டுக்காரன் உன்கிட்ட நம்பர் சொல்லுவான்? எவனாச்சும் கேட்டா ஆஸ்பத்திரிச் செலவுன்னு சொல்லிரு."

ஆஸ்பத்திரிச் செலவாம்! நல்லா இருக்கிற ஆளுக்கு நோவச் சொல்லிக்கணுமாம், களவாணிய மறைக்கிறதுக்கு.

கடைக்கு வெளிய இருப்புப் பலகை இருக்கும், பாத்திருப்ப. அரிசி எவ்வளவு இருக்கு, சீனி எவ்வளவு, பாமாயில் எவ்வளவுன்னு தெனமும் எழுதணும். அன்னைக்கு அதையெல்லாம் எழுதிட்டு, பருப்புக்குக் கீழ மிச்சம் இருந்த எடத்துல எழுதுனேன். "சீனியம்மாளாகிய நான் நேற்று ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரம் ஏமாந்தேன். கணக்கை முடக்குவோம் என்று மெசேஜ் வந்தது. லிங்க்கைத் தொட்டேன். மூன்று தடவை ஓடிபி சொன்னேன். உங்களுக்கும் வரும். தொடாதீங்க, சொல்லாதீங்க. பணம் போனால் உடனே 1930." சாக்பீஸ் ஒடைஞ்சு போச்சு, அவ்வளவு அழுத்தி எழுதுனேன்.

சனங்க வந்தாங்க, நின்னாங்க, வாசிச்சாங்க. சில பேரு வாசிச்சுட்டு என் மூஞ்சியப் பாக்காமச் சாமான் வாங்கிட்டுப் போனாங்க. ரெண்டு பயலுக சிரிச்சானுக. சிரிக்கட்டும்.

மதியம் ஒண்ணரை மணி இருக்கும். எங்க வீட்டுக்காரரு தூக்குச்சட்டியோட வர்றாரு. நான் காலையிலயே கெளம்பிட்டதால சோறு எடுத்துட்டுப் போகல. அவரே வடிச்சுக் கொண்டாந்திருக்காரு. போர்டுக்கு முன்னால நின்னாரு. அவரு எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாரு. வெயில்ல நின்னு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாரு. நான் உள்ள தராசுக்குப் பக்கத்துல நிக்கிறேன். அவரு வாய் அசையுறது தெரியுது. ஒரு லட்சத்துன்னு அசையுது, நாப்பத்தெட்டாயிரம்னு அசையுது. மேலருந்து கீழ வரைக்கும் வாசிச்சு முடிச்சுட்டு, மறுபடியும் மேலருந்து ஒருக்கா வாசிச்சாரு.

உள்ள வந்தாரு. தூக்குச்சட்டிய மேசையில வச்சாரு. "குழம்புல உப்பு கம்மியா இருக்கும், பாத்துக்கோ"ன்னாரு. போயிட்டாரு.

அவ்வளவுதான்! ஒரு வார்த்தை, ஏன்டி என்கிட்ட சொல்லலைன்னு ஒரு வார்த்தை, கேக்கணுமா வேணாமா? அடிச்சாக்கூடப் பரவாயில்ல தாயி. கேக்கத் தெரியல. மறுநாள் பாத்தா, ஜல்லிய ஒரு ஓரமாக் குமிச்சு மேல பழைய தார்ப்பாயப் போட்டு மூடிக் கல்லு வச்சிருக்காரு. நானா மூடச் சொன்னேன்? அவரா மூடிட்டாரு.

போட்டோ எடுத்தது எவன்னு தெரியல. மூணு நாளுல மாவட்டம் பூராவும் சுத்துச்சு. ஓடிபி அக்கான்னு பேரு வச்சாங்க. ஆனா இன்னொண்ணு நடந்துச்சு, அது எந்தப் போட்டோவுலயும் வரல. கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. சாமான் வாங்குற மாதிரி வந்து, கொரலத் தணிச்சு, "எனக்கும்தான் சீனியம்மா"ன்னாங்க. பதினோரு பேரு! ஒருத்தருக்குக் கரண்டு பில்லு கட்டல, இன்னைக்குக் கனெக்சன வெட்டுவோம்னு மெசேஜ். ஒருத்தருக்குப் பார்சல் வந்து நிக்குது, அட்ரஸ் சரியில்ல, அஞ்சு ரூபா கட்டுங்கன்னு. ஒருத்தருக்குக் கார்டுல பரிசுப் பாயின்ட் சேந்திருக்கு, இன்னைக்கே எடுக்கலைன்னா போயிரும்னு. ஆசை காட்டுறது ஒண்ணு, பயங்காட்டுறது ஒண்ணு, ரெண்டுலயும் "இன்னைக்கே" இருக்கும். எல்லாரும் வீட்டுல கூடச் சொல்லாம முழுங்கிட்டாங்க. பேரு வெளிய வராதுன்னு நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அமலோற்பவம் டீச்சரு, பத்தாங் கிளாசுக்குக் கணக்கு எடுக்கிறவங்க, அவங்க... ச்சே, சொல்லிட்டேன் பாரு. நீ மறந்துரு.

செக்ரட்டரி போர்ட அழிக்கச் சொன்னாரு. அழிச்சேன். இருப்புப் பலகைய தெனமும் அழிக்கத்தானே செய்யணும்? மறுநாள் அரிசி, சீனி எழுதிட்டு மறுபடி எழுதுனேன். மெமோ வந்துச்சு. அரசுப் பலகையச் சொந்த விசயத்துக்குப் பயன்படுத்துனதுக்கு விளக்கம் குடுக்கணுமாம். வருத்தம் தெரிவிச்சு எழுதிக் குடு, முடிச்சுருவோம்னாங்க. நான் எழுதுனேன்: "ஏமாந்ததற்கு வருந்துகிறேன். எழுதியதற்கு வருந்தவில்லை." ஒரு வருச இன்கிரிமெண்ட வெட்டிட்டாங்க. வெட்டட்டும்.

இதுக்கு நடுவுல தவசி அண்ணன் ஒருநாள் பண்ணுன கூத்தக் கேளு. ரேகை விழல, நம்பர் வந்திருக்கு. "சொல்லுங்கண்ணே"ங்கிறேன். போன நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "சொல்ல மாட்டேன்"ங்கிறாரு.

"அண்ணே, இது ரேஷன் நம்பருண்ணே!"

"யாரு கேட்டாலும் சொல்லாதன்னு நீதான எழுதியிருக்க? நீ யாருல சேத்தி?"

வரிசையே சிரிக்குது. எனக்கு வந்த கோவத்துக்கு... அப்புறம் யோசிச்சேன், மனுசன் சொல்றது சரிதானே. இத்தனை வருசமா நம்பரச் சொல்லு, நம்பரச் சொல்லுன்னு ஊரையே நான் அதட்டியிருக்கேன். அது வேற, இது வேறதான். இருந்தாலும். அன்னைக்கேருந்து ஒரு வழக்கம் வச்சேன். "நம்பரச் சொல்லாதீங்க, மெசேஜ மொதல்லேருந்து வாசிங்க. யாரு அனுப்பியிருக்கா, எதுக்கு அனுப்பியிருக்கா, எழுத்த வாசிங்க. ரேஷன் பொருளுக்குன்னு இருந்தாத்தான் எனக்கு நம்பரு. பணம்னு ஒரு எழுத்து இருந்தாலும் அப்பன் கேட்டாலும் சொல்லக்கூடாது." வாசிக்கத் தெரியாதவங்களுக்குப் பக்கத்துல நிக்கிறவங்க வாசிக்கணும். வரிசை ஆமை மாதிரி நகருது. திட்டுறாங்க. திட்டட்டும். தவசி அண்ணன் இப்ப கமாவக்கூட விடாம வாசிக்கிறாரு.

ஜெபராணி மேடம் கோர்ட்டுல மனுப் போட வச்சு, அந்த முப்பத்தாறாயிரம் தை மாசம் கையில கெடைச்சுச்சு. மிச்சம் வராது. மேடம் மழுப்பாமச் சொல்லிட்டாங்க, எனக்கு அதுதான் பிடிச்சுச்சு.

சரி, இன்னைக்கு நடந்ததுக்கு வர்றேன். அங்கேருந்துதான் இப்ப வர்றோம். பேங்குக்காரங்க ஒரு மண்டபத்துல விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாங்க. போன வாரம் மேனேஜரே கடைக்கு வந்து, "நீங்க மேடையில வந்து பேசணும்மா, சால்வை எல்லாம் உண்டு. ஆனா அந்தக் கவுண்டர் விசயம் மட்டும் வேணாம்"னாரு. "அதையும் சேத்துத்தான் பேசுவேன்"னேன். அப்புறம் நோட்டீசுல பாத்தா என் பேரு இல்ல. ஆனா கீழ, பொதுமக்கள் அனைவரும் வருகன்னு போட்டிருந்துச்சு. நான் பொதுமக்கள்தானே? போனேன். எங்க வீட்டுக்காரரு எதுக்கு வந்தாருன்னு கேக்காத. கூலிய விட்டுட்டு வர வேணாம்னேன். குளிச்சு, சட்டைய மாத்திட்டு, பஸ் ஸ்டாண்டுல எனக்கு முன்னால நிக்கிறாரு.

முந்நூறு பேரு இருக்கும் மண்டபத்துல. மதுரையிலேருந்து வந்த பெரிய ஆபீசர் மேடையில நல்லாத்தான் பேசுனாரு. பேசிட்டு, "இங்க யாராவது இப்படி ஏமாந்திருந்தா கையத் தூக்குங்க"ன்னாரு.

நான் தூக்குனேன்.

சுத்திப் பாக்குறேன், ஒரு கை இல்ல. எனக்கு ரெண்டு வரிசைக்கு முன்னால அமலோற்பவம் டீச்சரு இருக்காங்க, அவங்க கைப்பைக்குள்ள எதையோ தேடுறாங்க. என்கிட்ட வந்து சொன்ன பதினோரு பேருல நாலு பேர நான் அங்க எண்ணுனேன். ஒருத்தரு மேல ஓடுற ஃபேனப் பாக்குறாரு.

ஆபீசர் சிரிச்சாரு. "ஒருத்தர்தானா? பரவாயில்லையே! நம்ம மாவட்டம் ரொம்ப விவரமான மாவட்டம்"னாரு. சனம் கைதட்டுது! என் ஒத்தக் கை மேல நிக்குது, முந்நூறு பேரு கைதட்டுறாங்க. "நீங்க கைய எறக்கிக்கலாம்மா"ங்கிறாரு. நான் எறக்கல. எந்திரிச்சு நின்னேன், கையத் தூக்கினபடியே. எறக்க மாட்டேன்னு வைராக்கியமா நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல.

அப்ப ஆபீசர் எனக்குப் பின்னால பாக்குறாரு. "அங்க ஒருத்தர்... ஐயா, நீங்களுமா? உங்களுக்கு என்ன மெசேஜ் வந்துச்சு?"

திரும்பிப் பாத்தா இவரு நிக்கிறாரு. ஆம்பளைங்க வரிசையில, கடைசியில, கையத் தூக்கிக்கிட்டு. போனே இல்லாத மனுசன்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்ன சொல்லப் போறாரோ, மானத்த வாங்கப் போறாரோன்னு. மைக்கக் கொண்டுபோய்க் குடுக்குறாங்க. மைக்க எப்படிப் பிடிக்கணும்னுகூட அவருக்குத் தெரியல.

"தார்சு போட வச்சிருந்த பணம்ங்கய்யா"ன்னாரு. அவ்வளவுதான். மைக்கத் திருப்பிக் குடுத்துட்டாரு. கைய எறக்கல.

கைதட்டுன சனம் பூராவும் அவரத் திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் டீச்சரு கை மேல போச்சு தாயி. மெதுவா, காதுக்குப் பக்கத்துல வரைக்கும்தான். அப்புறம் ஃபேனப் பாத்தவரு. அப்புறம் அந்தக் கடைசியில ஒண்ணு, இந்தப் பக்கம் மூணு. நான் எண்ண ஆரம்பிச்சு முப்பதுக்கு மேல விட்டுட்டேன். எனக்குத் தெரியாதவங்கதான் அதுல முக்காவாசி. மேடை ஓரத்துல தண்ணி பாட்டில் அடுக்கிக்கிட்டிருந்த மூணாம் நம்பர் கவுண்டர் பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிச்சு.

"நேரமாச்சு, அடுத்து நன்றியுரை"ன்னாங்க. எனக்கு மைக் குடுக்கல. மைக் எதுக்கு எனக்கு? இருபத்தொரு வருசம் வரிசைய அதட்டிப் பழகுன தொண்டை. "அய்யா, ஏமாந்து வர்றவங்ககிட்ட நீங்களா சொன்னீங்கன்னு கேக்காதீங்க. அப்படி ஒருக்காக் கேட்டா மறுநாள் ஒருத்தரும் வர மாட்டாங்க. அவங்க வெக்கப்பட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் களவாணிக்கு லாபம்"னேன். ஆபீசர் குறிச்சுக்கிட்டாரு. குறிச்சாரா, சும்மா பேனாவ ஆட்டுனாரா, தெரியாது.

வெளிய வந்ததும் நான் பிடிச்சேன் இவர. "நீங்க எதுக்குக் கையத் தூக்குனீங்க? உங்களுக்கு எவன் மெசேஜ் அனுப்புனான்? நான் எவ்வளவு பேச வச்சிருந்தேன் தெரியுமா, ஒண்ணையும் பேச விடாமப் பண்ணிட்டீங்களே!"

அதுக்கு மனுசன் சொல்றாரு: "ரொம்ப நேரமா ஒத்தையில தூக்கிட்டு நின்ன. கை வலிக்கும்ல?"

இது ஒரு பதிலா? நீயே சொல்லு. கை வலிக்கும்லங்கிறாரு. "எனக்கென்ன வலி, எனக்கு ஒண்ணும் வலிக்கல"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு பஸ்சுக்கு நடந்துட்டேன்.

வலிச்சுச்சு தாயி. தோள்பட்டைலேருந்து விரல் வரைக்கும் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுச்சு. அதை அவருகிட்ட சொல்லல.

இந்தா உன் பை. எங்க ஊரு வந்துருச்சு. ஏங்க... ஏங்க, எந்திரிங்க, எறங்கணும்.